சிறைப்பட்டவனைப் பாடிய நாடு: ரஷ்யாவில் ஏழு நாட்கள்

முதல் நாள், மாஸ்கோ

மாஸ்கோவில் முதலில் எங்கே போவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. விடுதியில் பெட்டியை வைத்த கையோடு திரெத்தியாக்கோவ் ஓவியக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். ஆறாம் நாள் மாலை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் இசையமைப்பாளர் அலெக்சாந்தர் பொரோதினின் 'இளவரசர் இகோர்' என்னும் ஓப்பெராவை, அதாவது இசைநாடகத்தைப் பார்க்கவிருக்கிறேன். அதற்கு முன் அந்தக் கதை எங்கே பிறந்தது, யார் யார் கைகளில் தங்கி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை நடந்தே அறிய வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். உடன் வருபவன் என் அக்காள் மகன். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் அவனும் ஒருவன். இது அவனுக்கு நான்காம் ஆண்டு. மொழி தெரிந்தவன் துணைக்கு வந்திராவிட்டால் இக்குறிப்புகளில் பாதியை நான் எழுதியிருக்க முடியாது.

ஓவியக்கூடத்தில் நான் தேடிச் சென்றது விக்தோர் வாஸ்னெத்சோவ் 1880இல் தீட்டிய ஒரு பெரிய ஓவியத்தை. நாலு மீட்டருக்குச் சற்றே குறைந்த அகலமும் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்டது. போலோவ்ட்ஸியரோடு இகோர் நடத்திய போர் முடிந்த பிறகு களம் எப்படிக் கிடந்தது என்பதுதான் பொருள். போர் ஓவியம் என்றதும் நாம் எதிர்பார்க்கும் குதிரைப் பாய்ச்சலும் வாள்வீச்சும் இதில் இல்லை. புல்வெளியில் பூக்கள் மலர்ந்திருக்க, அவற்றுக்கிடையே இரு தரப்பு வீரர்களும் கலந்து கிடக்கிறார்கள். மார்பில் அம்பு தைத்த ஓர் இளைஞன் உறங்குபவனைப் போல முகம் சாய்த்திருக்கிறான். அடிவானத்தில் செந்நிறமாக நிலவு எழுகிறது. மேலே பெரும்பறவைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. வென்றவன் யார் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் முன் இருந்த நீள இருக்கையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தேன்.

கதையின் வரலாற்றுப் பகுதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1185ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் நோவ்கோரத்-செவெர்ஸ்கி என்னும் சிறு நாட்டின் இளவரசர் இகோர் ஸ்வியாதஸ்லாவிச், தம்பி விசெவலோதையும், மகன் விளாதிமிரையும், ஓர் அண்ணன் மகனையும் சேர்த்துக்கொண்டு, கீவ் நகரின் பேரிளவரசரிடம் கலந்துகொள்ளாமல், புல்வெளி நாடோடிகளான போலோவ்ட்ஸியர் மீது படையெடுத்தார். மே முதல் நாள் சூரிய கிரகணம் ஏற்பட்டது. உடன் வந்தோர் அதைத் தீய சகுனமாகக் கொண்டு அஞ்சினர், இகோர் திரும்பவில்லை. முதல் மோதலில் எளிதாக வென்ற அந்தச் சிறுபடை அடுத்த சில நாட்களில் காயாலா ஆற்றங்கரையில் சுற்றி வளைக்கப்பட்டு அழிந்தது. இளவரசர்கள் நால்வரும் உயிரோடு பிடிபட்டனர்.

வெற்றி பெற்றவனைப் பாடுவது எல்லா நாட்டுப் புலவர்க்கும் எளிது. பெயர் தெரியாத ஒரு புலவர் இந்தத் தோல்வியை எடுத்துக்கொண்டு, இன்றைய ரஷ்யா, உக்ரைன், பெலாரூஸ் ஆகியவற்றுக்கு முன்னோடியான பழைய ருஸ் நாட்டின் இலக்கியத்தில் இணையற்றதாகக் கருதப்படும் 'இகோர் படையெடுப்பின் கதை'யை இயற்றினார். கிரகணம் கண்டு கலங்கிய தன் வீரரிடம் அதில் இகோர் கூறும் ஒரு சொல் இன்று நாள் முழுவதும் என்னோடு வந்தது: சிறைப்படுவதைவிட வெட்டுப்படுவது மேல். அப்படிச் சொன்னவர்தான் சிறைப்பட்டார்.

இரண்டாம் நாள், மாஸ்கோ

செஞ்சதுக்கத்தில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் காலையில் சென்றோம். அங்கே நான் காண விரும்பியவை போலோவ்ட்ஸியர் புல்வெளி மேடுகளில் நிறுத்திய கல் உருவங்கள். வயிற்றருகே இரு கைகளாலும் ஒரு கிண்ணத்தைப் பிடித்தபடி நிற்கும் இவ்வுருவங்களுக்கு முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நம் பக்கத்து நடுகற்களைப் போலவே இவையும் முன்னோர் வழிபாட்டோடு தொடர்புடையவை என்பது அறிஞர் கருத்து.

போலோவ்ட்ஸியர் என்பது ரஷ்யர் இட்ட பெயர். கிப்சாக்குகள், கூமன்கள் என்றும் வரலாற்றில் அறியப்படும் இத்துருக்கிய இனத்தார் ருஸ் இளவரசர்களுக்கு எப்போதும் பகைவராக மட்டும் இருந்ததில்லை. அவர்களுக்குப் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும், தங்களுக்குள் நடந்த பங்காளிச் சண்டைகளில் அவர்களைத் துணைக்கு அழைத்தும் வந்தவர்கள்தாம் ருஸ் இளவரசர்கள். இந்தப் படையெடுப்புக்குச் சில ஆண்டுகள் முன்பு கீவ் அருகே நடந்த ஒரு போரில் இகோரும் போலோவ்ட்ஸியத் தலைவன் கொன்சாக்கும் ஒரே அணியில் நின்று தோற்று, ஒரே படகில் ஏறித் தப்பினார்கள் என்று பழைய நாளேடு கூறுகிறது. ஓப்பெராவில் கொன்சாக் தன் கைதியை விருந்தினன் என்று விளித்து உபசரிப்பதைப் பலர் கீழைத்தேயப் பெருந்தன்மை பற்றிய கற்பனையாக நினைக்கிறார்கள். படகில் சேர்ந்து தப்பியவர்களின் பழக்கம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாளை அதிகாலை யாரோஸ்லாவ்லுக்கு ரயில்.

மூன்றாம் நாள், யாரோஸ்லாவ்ல்

மாஸ்கோவுக்கு வடகிழக்கே, வோல்காவும் கோதரசல் ஆறும் கூடுமிடத்தில் உள்ள பழைய நகரம் இது. பிப்ரவரியின் கடைசி வாரம்; ஆறு உறைந்து கிடக்க, நடுவில் மனிதர்கள் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'மாஸ்லெனிட்சா' என்னும் நோன்புக்கு முந்திய விழா வாரம் என்பதால் தெருவெங்கும் 'பிளினி' சுடும் மணம். நம் மைதா தோசையைப் போன்ற மெல்லிய அப்பம் அது. தேனூற்றித் தின்றுவிட்டுத் திருவுருமாற்ற மடத்துக்குள் நுழைந்தோம்.

வெள்ளை மதில்கள் சூழ்ந்த இந்த மடத்தோடுதான் காவியத்தின் ஒரே கையெழுத்துப் படியின் கதை சேர்ந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பழஞ்சுவடிகளைத் திரட்டுவதில் பேரார்வம் கொண்ட அலெக்சேய் முசின்-புஷ்கின் என்னும் பிரபு, இம்மடத்தின் தலைவராக இருந்த இயோயில் என்பாரிடமிருந்து அந்தச் சுவடியைப் பெற்றதாகச் சொன்னார். அச்சொல்லை ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படி வந்ததாயினும் வந்தது. கேத்தரீன் பேரரசிக்காக ஒரு நகல் எடுக்கப்பட்டது. 1800இல் மாஸ்கோவில் காவியம் அச்சேறியது. பன்னிரண்டே ஆண்டுகளில், நெப்போலியன் படை மாஸ்கோவுக்குள் புகுந்தபோது மூண்ட பெருந்தீயில், முசின்-புஷ்கினின் மாளிகையோடு மூலச்சுவடி எரிந்து போயிற்று. இன்று உலகில் எஞ்சியிருப்பவை அந்த அச்சுப் பதிப்பும், பேரரசிக்கான நகலும், சில குறிப்புகளுமே. கரையான் அரித்தது போக எஞ்சிய ஏடுகளிலிருந்து நம் சங்க நூல்கள் அச்சேறிய வரலாற்றைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த இடத்தில் நெஞ்சு பதைக்காமல் இராது. பன்னிரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் இகோரும் இல்லை, அவர் மனைவி யாரோஸ்லாவ்னாவும் இல்லை, பொரோதினின் இசையும் இல்லை.

மூலம் எரிந்துவிட்டதால், காவியமே பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ புனைந்த போலி என்ற வாதமும் நெடுங்காலம் நிலவியது. அதற்கு விடை மொழியியலில் இருந்து வந்தது என்பதை இங்கே நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இகோரின் ஊரல்லாத, வடக்கே உள்ள நோவ்கரத் நகர மண்ணில் தோண்டியெடுக்கப்பட்ட பிர்ச் மரப்பட்டைக் கடிதங்களின் மொழியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த அந்திரேய் சலிஸ்னியாக், 2004இல் வெளியிட்ட நூலில், காவியத்தின் ஒட்டுச்சொற்கள் வாக்கியத்தில் எங்கெங்கே அமர்கின்றன என்பதை எண்ணிக் காட்டினார். நம் ஏகாரம், ஓகாரம் போலத் தனித்து நில்லாமல் பிற சொல்லைச் சார்ந்தே வரும் சிறு சொற்கள் இவை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ரஷ்யப் பேச்சில் அவை இன்ன இடத்தில் இன்ன வரிசையில்தான் வரும் என்று ஒரு நுட்பமான ஒழுங்கு இருந்தது. பிற்காலத்தில் அவ்வொழுங்கு குலைந்தது. காவியமோ பழைய ஒழுங்கைப் பின்பற்றுகிறது. அந்த ஒழுங்கையே எவரும் அறிந்திராத பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் அதைப் பிழையின்றிப் போலி செய்திருக்க முடியாது என்பது அவர் முடிவு. எழுத்தெல்லாம் எரிந்த பின்பும் ஓர் இடைச்சொல் சாட்சி சொல்ல வந்தது!

மடத்துக்குள் காவியத்துக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே காவலுக்கு அமர்ந்திருந்த மூதாட்டி, நாங்கள் இந்தியர் என்று அறிந்ததும் எழுந்து வந்து, யாரோஸ்லாவ்னாவின் புலம்பலைப் பழைய மொழியிலேயே மனப்பாடமாகச் சொன்னார். பள்ளியில் கற்றதாம். மருமகனிடம் பொருள் கேட்டேன். "எனக்கும் பாதிதான் புரிகிறது மாமா. இது இப்போது பேசுகிற ரஷ்யன் இல்லை" என்றான். பொருள் தெரியாமலே கேட்டதில் குறையொன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள், ரயிலில்

மாஸ்கோ வழியாகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பயணம். சன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்களும் பனியும் தவிர வேறில்லை.

இந்தப் பயணத்தில் நான் பார்க்க முடியாத ஊர்களைப் பற்றி இன்று எழுதுவதே முறை. இகோரின் நோவ்கோரத்-செவெர்ஸ்கி இன்றைய உக்ரைனின் செர்னிகிவ் மாகாணத்தில் இருக்கிறது. யாரோஸ்லாவ்னா மதில்மேல் நின்று அழுத புதிவ்ல், சூமி மாகாணத்தில், ரஷ்ய எல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்கே அவளுக்கு ஒரு சிலை நிற்கிறது. போர் நடக்கும் இந்நாளில் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போக வழியில்லை. காவியத்தை ரஷ்யர், உக்ரைனியர், பெலாரூசியர் மூவரும் தம் முன்னோர் சொத்தாகப் போற்றுகிறார்கள். மூவருக்கும் அது உரியதுதான். அந்தக் காவியத்திலேயே புலவர் இளவரசர்களைக் குறித்து மனம் கசந்து கூறும் ஓரிடம் உண்டு: உடன்பிறந்தான் உடன்பிறந்தானைப் பார்த்து, இது எனது, அதுவும் எனதே என்றான், சிறியதைப் பெரியது என்று பேசத் தொடங்கினார்கள், பகைவர் எல்லாத் திசையிலிருந்தும் உள்ளே வந்தார்கள். எண்ணூறு ஆண்டுப் பழைய அந்த வரியை ரயிலில் மறுபடி படித்தபோது மேற்கொண்டு படிக்க இயலாமல் நூலை மூடி வைத்தேன்.

ஐந்தாம் நாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

பொரோதின் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். 1833இல் இந்நகரில், ஜார்ஜிய வழிவந்த பிரபு ஒருவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்து, அக்கால வழக்கப்படி அப்பிரபுவின் பண்ணையாள் ஒருவரின் மகனாகப் பதிவு செய்யப்பட்டவர். மருத்துவம் பயின்று, வேதியியலில் ஆழ்ந்து, மருத்துவ-அறுவை அகாதமியில் பேராசிரியரானவர். நெவா ஆற்றின் வடகரையில் பீரகோவ் கரைச்சாலையை ஒட்டிய அகாதமிக் கட்டடத்தில்தான் அவருடைய ஆய்வுக்கூடமும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருந்தன. லெனின் சதுக்க மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தோம். அகாதமி இன்று இராணுவ மருத்துவ நிறுவனமாக இருப்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

"பன்னிரண்டாம் வகுப்பில் ஆல்டால் வினை படித்தோமே மாமா, அதைக் கண்டுபிடித்தவரா இவர்?" என்று மருமகன் வியந்தான். அவரேதான். ஆல்டிஹைடு மூலக்கூறுகள் இரண்டு இணையும் அந்த வேதிவினையைப் பற்றி 1872இல் பொரோதின் அறிவித்தார். அதே காலத்தில் பிரான்சில் வூர்த்சும் தனியாக அதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில்தான் பெண்களுக்கான மருத்துவப் படிப்பு இந்நகரில் தொடங்கியது; அதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் பொரோதினும் ஒருவர். அங்கே வேதியியல் கற்பித்ததோடு நில்லாமல், ஏழை மாணவிகளுக்காக நிதி திரட்டவும் ஓடியாடினார்.

இவற்றுக்கு நடுவில்தான் ஓப்பெரா. 1869 ஏப்ரலில் கலை விமரிசகர் விளாதிமிர் ஸ்தாசோவ் காவியத்திலிருந்து ஒரு கதைத்திட்டத்தை எழுதிக் கொடுத்தார். பொரோதின் நாளேடுகளைப் படித்தார், போலோவ்ட்ஸியரின் வழிவந்தோர் வாழும் ஹங்கேரியிலிருந்து அவர்களுடைய பாடல்கள் பற்றிய செய்திகளைக் கேட்டுப் பெற்றார், பாடல் வரிகளையும் தாமே எழுதினார். அடுத்த ஆண்டே கைவிட்டார். 1874இல் மீண்டும் எடுத்தார். அதன்பின் விடுமுறையிலும் நோயுற்ற நாட்களிலும் கிடைத்த நேரத்தில் துண்டு துண்டாக எழுதினார். பதினெட்டு ஆண்டுகள் இப்படியே போயின. நண்பரும் இசையமைப்பாளருமான ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் நினைவுக் குறிப்புகளில் வரையும் அவ்வீட்டின் சித்திரம் மறக்க முடியாதது: எந்நேரமும் வந்து தங்கும் உறவினர், சாப்பாட்டு மேசைமேல் தட்டுக்குத் தட்டு தாவும் பூனைகள், அவற்றுள் ஒன்று பனித்துளைகளில் கையை விட்டு மீன் பிடித்து வருமாதலால் மீன்காரன் என்றே பெயர் பெற்றிருந்தது. இன்று உறைந்த நெவாவைப் பார்த்தபடி அக்கரையில் நின்றபோது அந்தப் பூனைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

1879இல் போலோவ்ட்ஸிய நடனங்களை ஒரு கச்சேரியில் அரங்கேற்ற நாள் குறித்தாயிற்று. இசைக்குழுவுக்கான அமைப்போ முடியவில்லை. நண்பர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் லியாதவும் இவ்வீட்டுக்கு வந்து, மூவருமாக இரவு நெடுநேரம் உட்கார்ந்து எழுதினார்கள். நேரத்தை மிச்சப்படுத்த பென்சிலால் எழுதிய தாள்கள் அழியாதிருக்கப் பொரோதின் அவற்றின்மேல் ஜெலட்டின் கரைசலைப் பூசி, துணி உலர்த்துவதுபோல அறைக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டார். உலகமெங்கும் இன்று ஒலிக்கும் அந்த இசையின் முதல் தாள்கள் ஒரு வேதியியலாரின் அறையில், அவர் தம் கையாலேயே கலக்கிய பூச்சு காயும் வரை கொடியில் ஆடிக்கொண்டிருந்தன.

1887 பிப்ரவரியில், இதே மாஸ்லெனிட்சா வாரத்தில், அகாதமிப் பேராசிரியர்கள் நடத்திய மாறுவேட விருந்தில், ரஷ்ய நாட்டுப்புற உடையணிந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பொரோதின் சட்டெனச் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. வயது 53. ஓப்பெரா முடியவில்லை.

பிற்பகல் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்தின் திக்வின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். 'வலிமைமிக்க குழு' என்று பெயர் பெற்ற இசைஞர் ஐவரும், பலாகிரெவ், கியூயி, முசோர்க்ஸ்கி, ரிம்ஸ்கி-கோர்சகோவ், பொரோதின் என, இத்தோட்டத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். கதைத்திட்டம் எழுதிய ஸ்தாசோவும் அருகில்தான். பொரோதினின் மார்பளவுச் சிலைக்குப் பின்னால் அவருடைய இசையின் சுரக்குறிகள் பொன்னிறப் பின்னணியில் கல்பதித்து எழுதப்பட்டுள்ளன. மேலே படிந்திருந்த பனியை மருமகன் கையுறையால் துடைத்தபோது அவை பளிச்சென்று தெரிந்தன.

ஆறாம் நாள், மரீன்ஸ்கி அரங்கு

இந்த ஓப்பெரா முதன்முதல் மேடையேறியது இதே அரங்கில், 1890ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் 23 அன்று. இன்றைய கணக்கில் நவம்பர் 4. பொரோதின் இறந்த பின் ரிம்ஸ்கி-கோர்சகோவும் அவருடைய இளம் மாணவர் கிளாசுனோவும் தாள்களை அள்ளிச் சென்று, முடிந்தவற்றைத் தொகுத்து, அரைகுறையானவற்றை முடித்து, இசைக்குழுவுக்கு அமைத்து, முழு நாடகமாக்கினார்கள். முன்னிசையைப் பொரோதின் பியானோவில் வாசித்துத்தான் காட்டியிருந்தார். அதைக் கேட்ட நினைவைக் கொண்டும் ஓப்பெராவின் பிற பகுதிகளைக் கொண்டும் கிளாசுனோவ் எழுதினார். அன்றைய அரங்கேற்றத்தில் ஸ்கூலா என்னும் குடிகாரப் பாணன் வேடத்தில் பாடிய பியோதர் ஸ்திராவின்ஸ்கி, பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற இசையமைப்பாளரின் தந்தை. அவர் மகனுக்கும் பெயர் இகோர்.

மேலங்கிகளை வைப்பறையில் ஒப்படைத்துவிட்டு, நீலமும் பொன்னுமாய் ஒளிர்ந்த அரங்கின் மூன்றாம் அடுக்கில் அமர்ந்தோம். மேடைக்கு மேல் பாடல் வரிகள் ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஓடின.

தொடக்கக் காட்சி புதிவ்ல் நகரச் சதுக்கம். மக்கள் கூடிச் செஞ்ஞாயிற்றுக்குப் புகழ் பாடி இளவரசரை வழியனுப்புகிறார்கள். பாடி முடிக்கும் முன்பே அதே ஞாயிறு மறைகிறது. வரலாற்றில் படை பாதி வழி போன பிறகு நேர்ந்த கிரகணத்தைப் பொரோதின் புறப்பாட்டிலேயே வைத்துவிட்டார். அந்த ஒரு மாற்றத்தால், இகோர் அறிந்தே போகிறார் என்பது ஊரறிய நடக்கும் செய்தியாகிவிடுகிறது. மேடை மெல்ல இருண்டபோது பாடகர் குழுவின் குரல் தாழ்ந்து கிசுகிசுப்பாகியது. என் அருகில் இருந்த சிறுமி தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

பாசறைக் காட்சிகளும் புதிவ்ல் அரண்மனைக் காட்சிகளும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில் அரங்குக்கு அரங்கு வேறுபாடு உண்டு. பொரோதின் விட்டுச்சென்ற தாள்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஊரில் இகோரின் மைத்துனன் கலீத்ஸ்கி குடித்துக் கூத்தடித்துப் பெண்களைத் தூக்கிச் செல்லும் காட்சியும், பகைவன் பாசறையில் கொன்சாக் கைதியை மதிப்போடு நடத்தும் காட்சியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் முக்கியம். புகழ்பெற்ற ரஷ்யப் பாடகர் ஷாலியாப்பின் இவ்விரு வேடங்களையும் பாடியவர். ஆழ்ந்த கட்டைக் குரலுக்கு எழுதப்பட்ட இரண்டும் எத்தனை வேறுபட்டவை என்பதை இன்று நேரில் உணர்ந்தேன்.

இகோரின் தனிப்பாடல் பாசறையில், இரவில் வருகிறது. உறக்கமும் இல்லை, ஓய்வும் இல்லை, வதைபடும் ஆன்மாவுக்கு என்று தாழ்ந்து தொடங்கி, விடுதலை கொடுங்கள், என் இழிவைத் துடைத்துவிடுவேன் என்று ஓங்குகிறது. பின் சட்டென மனைவியின் நினைவில் குழைந்து, மறுபடி அந்த முதல் இருளுக்கே திரும்பி அடங்குகிறது. ஓப்பெராவில் பேச்சு நடையைவிடப் பாட்டே தன்னை ஈர்ப்பது என்று பொரோதின் கருதினார். ஒரே மூச்சில் நீளும் இந்த இசைவரிகளைக் கேட்டால் அவர் கருதியது விளங்கும். பிறகு கொன்சாக் வருகிறான். குதிரை தருகிறேன், வாள் தருகிறேன், காஸ்பியன் கரையிலிருந்து வந்த அழகியரைத் தருகிறேன். என் மேல் வாள் எடுப்பதில்லை என்று ஒரு சொல் கொடு, விட்டுவிடுகிறேன் என்கிறான். விட்டால் மறுபடி படை திரட்டி உன்மேல்தான் வருவேன் என்று இகோர் சொல்ல, கொன்சாக் சினவாமல், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று மகிழ்கிறான்.

அதன்பின் நடனங்கள். 1909இல் பாரிஸ் நகரில் கலைநிகழ்ச்சி அமைப்பாளர் தியாகிலெவ் நடத்திய காட்சிகளுக்காக நடன ஆசிரியர் மிகயீல் ஃபோக்கின் அமைத்த அசைவுகள்தாம் இங்கே இன்றும் ஆடப்படுகின்றன. நான் கல்லூரி நாட்களில் வானொலியில் கேட்டு எழுதி வைத்துக்கொண்ட மெட்டு, அடிமைப் பெண்களின் குரலில், காற்றின் சிறகேறி எங்கள் தாய்நாட்டுக்குப் பறந்து போ என்று தொடங்கியபோது கண்ணில் நீர் வந்தது. கைதியான இகோரை மகிழ்விக்க ஆட வைக்கப்படும் அப்பெண்களும் சிறைப்பட்டவர்கள்தாம். கச்சேரி மேடைகளில் இந்த மெட்டைத் தனியே வாசிக்கும்போது இது மறைந்துபோகிறது.

கடைசிப் பகுதியில் யாரோஸ்லாவ்னா மதில்மேல் நிற்கிறாள். காவியத்தின் அந்தப் புலம்பலைப் பொரோதின் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டார்: குயிலாகப் பறந்து போய், காயாலா ஆற்றில் என் உடையின் கையை நனைத்து, இளவரசரின் காயங்களைத் துடைப்பேன் என்பவள், காற்றையும் நீப்பர் ஆற்றையும் ஞாயிற்றையும் ஒவ்வொன்றாக விளித்து முறையிடுகிறாள். நாரையையும் காற்றையும் தூதுவிடும் பாடல்களில் வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக ஒலிக்கவே இல்லை. அவள் முடித்ததும், எந்தக் கருவியும் இல்லாமல், ஊர்விட்டு ஓடிவரும் உழவர்கள் மெல்லப் பாடிக்கொண்டு கடக்கிறார்கள்: ஊளையிட்டது புயல்காற்று அல்ல; எங்களைச் சூறையாடியவன் கான் க்சாக். இரவு முழுவதிலும் என்னை மிக உலுக்கியது இந்தச் சில நிமிடங்கள்தாம். இகோர் வீழ்ந்ததால் திறந்துவிட்ட எல்லை வழியே வந்த பகைவர் எரித்தவை இவர்களுடைய வீடுகள். வரலாற்றிலும் அப்படித்தான்: தோல்விக்குப் பின், ஓப்பெரா க்சாக் என்றழைக்கும் போலோவ்ட்ஸியத் தலைவன் க்சாவின் படை புதிவ்ல் வரை வந்து புறக்கோட்டையை எரித்தது.

அடுத்த நொடியே இகோர் தப்பி வந்துவிடுகிறார், மணி அடிக்கிறது, மக்கள் ஆரவாரிக்கிறார்கள், திரை விழுகிறது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன், ஆனால் மனம் ஒப்பவில்லை.

ஏழாம் நாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

ஏன் ஒப்பவில்லை என்று இரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். காவியத்தின் நடுவில் நிற்பவர் கீவ் நகரின் பேரிளவரசர் ஸ்வியாதஸ்லாவ். தோல்விச் செய்தி கேட்டுக் கண்ணீர் கலந்த பொன்மொழி என்று புலவர் கூறும் உரையை அவர்தான் ஆற்றுகிறார். புகழைத் தனியே தேடிக்கொள்ளப் போனீர்களே, என் நரைமுடிக்கு என்ன செய்துவிட்டீர்கள் என்று இகோரையும் தம்பியையும் கடிகிறார். அந்தப் பாத்திரமே ஓப்பெராவில் இல்லை. கடிந்துகொள்ள ஆளில்லாததால், திரும்பி வரும் இகோர் வென்றவரைப் போல வரவேற்கப்படுகிறார்.

ஆனால் பொரோதின் அதை அறியாதவர் அல்லர். இகோர் தன்னைத்தானே கடிந்துகொள்ளும் இன்னொரு தனிப்பாடலையும் அவர் எழுதியிருந்தார். ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் தொகுத்த பதிப்பில் அது இடம்பெறவில்லை. 1940களில் கையெழுத்துத் தாள்களை ஆராய்ந்த பாவெல் லாம் போன்றோரின் உழைப்பால் அது வெளிச்சத்துக்கு வந்தது; யூரி ஃபாலிக் இசைக்குழுவுக்கு அமைத்த வடிவில், 1993இல் மரீன்ஸ்கி குழு செய்த ஒலிப்பதிவில் சேர்க்கப்பட்டது. நண்பனின் தாள்களைக் காப்பாற்றிய இருவரையும் நான் குறை கூற மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் நேற்றைய மாலையே இல்லை. ஆயினும் அந்தப் பாடல் விடுபட்டதால் நாடகத்தின் நெஞ்செலும்பு ஒன்று குறைந்தே போயிற்று என்பது என் கருத்து.

காலையில் சாகரத்னி சாலை 28ஆம் எண் வீட்டுக்குப் போனோம். ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த வீடு, இப்போது நினைவில்லம். மேசை, மைக்கூடு, பியானோ எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. வெளியே வந்து முற்றத்து இருக்கையில் பனியைத் தட்டிவிட்டு அமர்ந்தோம். மருமகன் தன் கைப்பேசியில் அந்த ஒலிப்பதிவைத் தேடியெடுத்து, காதுக்கருவியின் ஒன்றை என்னிடம் தந்து, மற்றதைத் தான் வைத்துக்கொண்டான்.

"முதல் வரி என்ன சொல்கிறது?" என்று கேட்டேன்.

சற்றுக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "போர்க்களத்தில் நான் ஏன் விழவில்லை என்று கேட்கிறார் மாமா."